வேறுபடுத்துக: பழந்தின்னி வௌவால், புன்னை மரம்

ஜெபசுதா டீச்சர் அந்தக் கேள்வியை முதன்முதலாகத் தேர்வில் கேட்ட அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சிரிக்காத ஆள் இல்லை. 'வேறுபடுத்துக: பழந்தின்னி வௌவால், புன்னை மரம்.' ஐந்து மதிப்பெண். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வைக்குப் போயிருந்தவள் நான். ஒருத்தி எழுந்து, “மிஸ், கேள்வி தப்பா பிரிண்ட் ஆயிருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வேறுபடுத்துக என்று கேட்பதற்கு உயிரியலில் ஒரு முறை உண்டு. தமனியும் சிரையும், ஒருவித்திலையும் இருவித்திலையும் என்று பங்காளிகளாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். மிருகத்தையும் மரத்தையும் கொண்டுவந்து நிறுத்தி வித்தியாசம் சொல் என்றால் பிள்ளைகள் என்ன எழுதும்? இரண்டு பெற்றோர் தலைமையாசிரியையிடம் புகார் சொல்லப் போனார்கள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேராகவே கேட்டேன்.

“ஏளா, அடுத்த பரிட்சைக்கு எருமைக்கும் ஏணிக்கும் வித்தியாசம் கேப்பியா?”

அவள் சிரிக்கவில்லை. “ஒண்ணுபோல இருக்கிறதப் பிரிச்சுச் சொல்லப் புத்தகமே இருக்கு கனி. சம்பந்தமே இல்லன்னு நெனைக்கிற ரெண்டப் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் பிள்ளைங்க கண்ணத் தொறந்து பாக்கும்” என்றாள்.

நான் செல்லக்கனி. கணக்கு டீச்சர். பிறந்த ஊர் உடன்குடி. கட்டிக்கொண்டவர் தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மில்லர்புரத்தில் ஜெபசுதாவின் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. பள்ளியில் பக்கத்து நாற்காலி, தெருவில் எதிர்வாசல். அவளிடமிருந்து தப்பிக்க எனக்கு வழியே இருந்ததில்லை.

பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய புன்னை நின்றது. உப்புக்காற்றில் மற்ற மரமெல்லாம் வாடிப்போகிற இடத்தில் அது மட்டும் எண்ணெய் தடவினது போன்ற இலையோடு நிற்கும். காய் பழுக்கும் காலத்தில் இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள் வரும். பகலில் அவை நாலு தெரு தள்ளி ஒரு பழைய பங்களாவின் ஆலமரத்தில் தொங்கும். புன்னைக்காயின் தோலையும் அதற்குள் மெல்லிசாக இருக்கும் சதையையும் பல்லால் வழித்துத் தின்றுவிட்டு, கொட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போகும். காலையில் மரத்தடியில் இரண்டு விதமாகக் கிடக்கும். தானாக விழுந்தவை தோல் சுருங்கி, அழுகி, மண் அப்பிக் கிடக்கும். வௌவால் தின்று போட்டவை கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருக்கும்.

அந்தச் சுத்தமான கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஜெபசுதா எங்கள் சாப்பாட்டு மேசையில் வைப்பாள். என் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வௌவாலின் எச்சில். ஓட்டின் மேல் இருக்கும் கீறலை நகத்தால் தொட்டுக் காட்டுவாள்.

“இங்கன பாரு. இது மேல்பல்லு. இது கீழ்ப்பல்லு.”

“நீ மொதல்ல கையக் கழுவு” என்பேன் நான். எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன் என்று கணக்கு டீச்சரான எனக்கே கணக்கில்லை.

கேள்வி வருஷாவருஷம் வந்தது. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். 'மரம் நேராக நிற்கும், வௌவால் தலைகீழாகத் தொங்கும்' என்று ஒருத்தி எழுதுவாள், அரை மதிப்பெண். 'மரத்துக்குக் கண் இல்லை, வௌவாலுக்குக் கண் தெரியாது' என்று ஒருத்தி எழுதுவாள். அன்றைக்கு முழுவதும் ஜெபசுதாவின் முகம் தொங்கிப்போய் இருக்கும். பழந்தின்னிக்குக் கண் எவ்வளவு பெரிசு, இருட்டில் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று படம் போட்டுக் காட்டிய பிறகும் இப்படி எழுதுகிறாளே என்று புலம்புவாள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் தப்புவிடுகிற வரி ஒன்று உண்டு. பயணம் என்ற வரி. வௌவால் இரவில் வெகுதூரம் போய் விடியுமுன் திரும்பும் என்று சரியாக எழுதிவிட்டு, மரத்தின் பக்கம் 'போகாது' என்று முடித்துவிடுவார்கள். ஜெபசுதா 'போகாது' என்பதை அடித்துவிட்டு சிவப்பு மையில் எழுதுவாள்: 'காய் போகும். மாதக்கணக்கில் கடலில் மிதந்து வேறு கரையில் முளைக்கும். திரும்பாது.' ஒரு கட்டு விடைத்தாள் முழுக்க இதையே சலிக்காமல் எழுதுவாள்.

கடைசி வரி, பிள்ளை என்ற வரி. மரத்துக்கு வருஷத்துக்கு ஆயிரம் பிள்ளை. கீழே போட்டதோடு சரி. வௌவாலுக்கு ஒன்றே ஒன்று. அதை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு பறக்கும்.

“அப்ப நீ மரக் கட்சியா, வவ்வால் கட்சியா?” என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு.

“வவ்வால்தான். ஒண்ணே ஒண்ணு. கீழ போட மாட்டேன்” என்பாள்.

அந்த ஒன்று பெவின். ஜெபசுதாவுக்குக் கல்யாணமாகி, பிறந்த ஊரான நாசரேத்தில் அவளுடைய அப்பா ஜெபம் பண்ணிப் பண்ணி ஓய்ந்து, டாக்டர்களும் கையை விரித்த பிறகு பிறந்தவன். அவள் புருஷன் தேவபிரசாதம் துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் கிளார்க். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதே செருப்பைப் பார்த்துத்தான் தெரியும், அவ்வளவு சத்தமில்லாத மனிதர். பெவின் அதற்கு நேர்மாறு. எங்கள் வீட்டுக் கேட்டில் ஏறித் தொங்குவான், கடையிலிருந்து வந்த கருப்பட்டிப் பெட்டியை அவன்தான் முதலில் பிரிப்பான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அவனை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் இறக்கினாள் ஜெபசுதா. மீசை முளைத்த பையன் அம்மாவின் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து தெருவே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்படிப்பட்டவன் கப்பலுக்குப் போகிறேன் என்றான். இந்த ஊரில் அது புதிதில்லை. தெருவுக்கு ஒரு பையன் கப்பலில் இருக்கிறான். தேவபிரசாதத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆயுசு முழுக்கக் கப்பலைக் கரையில் நின்று பார்த்து, அதன் சரக்கைக் காகிதத்தில் எழுதின மனிதர். ஜெபசுதா சாப்பிடாமல் கிடந்தாள். நான்தான் இட்லி அவித்துக்கொண்டு போனேன். போனபோது பெவின் விடைத்தாள் கட்டை மடியில் வைத்து மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அது அவன் வழக்கமாகச் செய்து கொடுக்கும் வேலை. ஒரு தாளை உருவி, தொண்டையைச் செருமிக்கொண்டு, சிவப்பு மையில் இருந்ததைப் பிரசங்கம் மாதிரி வாசித்தான்.

“காய் போகும். மாதக்கணக்கில் கடலில் மிதந்து வேறு கரையில் முளைக்கும்.” வாசித்துவிட்டு அவளைப் பார்த்தான். “கேட்டீங்களா கனி ஆன்ட்டி? ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் இத எழுதிக் குடுக்காங்க. என்னய மட்டும் பிடிச்சு வச்சிருக்காங்க.”

ஜெபசுதா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளால் மறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை அந்தத் தாளில் இருந்தது. அவன் அதை வாசிக்கவில்லை.

அவன் போய் இரண்டாவது கப்பல் அது. ஆடி மாதம், மாலத்தீவுக்கு மேற்கே எங்கோ, கடல் கொந்தளித்துக் கிடந்த நேரம். காலையில் வேலைக்கு வரவேண்டியவன் வரவில்லை, அறையிலும் இல்லை. கப்பலைத் திருப்பித் தேடினார்களாம். மும்பையிலிருந்து கம்பெனிக்காரன் போன் பண்ணி இங்கிலீஷில் சொன்னான். தேவபிரசாதம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். “மிஸ்ஸிங்னு சொல்லுதான்” என்றார் எங்களிடம். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்பெனிக்காரனுக்கும் தெரியவில்லை, இன்றைக்கு வரை.

எனக்கு அப்போது வந்த கோபம் சொல்லி முடியாது. வளர்ந்த ஒரு பிள்ளை, எங்கள் வீட்டுக் கேட்டில் தொங்கினவன், எப்படி கடலில் ஒரு சட்டைகூட மிஞ்சாமல் மறைந்துபோவான்? யாரைப் பிடித்துக் கேட்க?

ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி துக்கவீட்டுப் பாட்டை எடுத்தாள். ஜெபசுதா டீத் தட்டோடு அப்படியே நின்றாள். “அந்தப் பாட்டுப் பாடாதீங்க. எம் பிள்ளை செத்துட்டான்னு யாரும் சொல்லல” என்றாள். எல்லாரும் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தாள். துறைமுகத்தை ஒட்டி முயல் தீவுப் பக்கம் ஒரு மணல் கரை உண்டு. ஸ்கூட்டரில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாள். அலை கொண்டுவந்து போட்ட குப்பைக் கோடு நீளத்துக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பாள். பாசி, பிளாஸ்டிக் பாட்டில், அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பைக் கண்டால் நான் கடல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவள் அதைப் புரட்டி அளவு பார்த்துவிட்டுப் போட்டுவிடுவாள்.

“என்னளா தேடுத?” என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“தென்மேற்குக் காத்துல அங்கன விழுந்தது தெக்கு முனையச் சுத்தி இந்தப் பக்கம் ஒதுங்கும் கனி. நீரோட்டம் அப்படித்தான். ஒரு காயாவது வரும்லா” என்றாள்.

ஒரு காய். அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தக் கடலிலிருந்து ஏதோ ஒன்று உயிரோடு இந்தக் கரைக்கு வந்து சேரும் என்று கண்ணால் பார்க்கவேண்டும். மழைக்காலமும் போனது, கோடையும் வந்தது. கரையில் புன்னைக்காய் ஒன்றுகூட ஒதுங்கவில்லை. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். ரவிக்கையை ஊக்குக் குத்திப் பிடிக்கவேண்டிய அளவுக்குத் துணி தொங்கியது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் தேவபிரசாதமும் எங்களோடு வந்தார். எப்போதும் வராதவர். போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து ஜெபசுதா ஒரு சத்தம் போட்டாள். பாசிக்குள் ஈரமாக ஒரு புன்னைக் கொட்டை கிடந்தது. அவள் மணலில் உட்கார்ந்து அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் அழுதேன். தேவபிரசாதம் கடலைப் பார்த்து நின்றார்.

அன்று இரவே அதை நட்டாள். ஓட்டோடு நட்டால் முளைக்க நாளாகும் என்று, ஓட்டைப் பக்குவமாகத் தட்டிப் பிளந்து பருப்பை மட்டும் மண்ணில் வைத்தாள். பிளந்த ஓட்டை ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். பழைய மாத்திரை டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து ஓட்டைப் போட்டு மூடினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முளை வந்ததும் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். மரம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியது. பெவினைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஜெபசுதா மரத்தைப் பார்ப்பாள். கடல்ல வந்த காய், எப்படி வளர்ந்து நிக்குது பாருங்க என்பாள். அதற்கு மேல் யாரும் என்ன பேச முடியும்?

பேச வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் பேசத் தெரியாதவர்.

தேவபிரசாதத்தின் குடும்பக் கல்லறை சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறது. ஈஸ்டர் அன்று விடியுமுன் ஊர்ச் சனமெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் கூடி, அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். உயிர்த்தெழுதலின் காலை என்பதால் அது அவர்களுக்குத் துக்கமான வேளையும் அல்ல. சிவந்த மணலில் வரிசையாகச் சுடர் நிற்கும்; பெயர் சொல்லிப் பாடுவார்கள். தேவபிரசாதம் வருஷம் தவறாமல் போவார். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று ஏற்றுவார். பெவின் போன பிறகு கூடுதலாக ஒன்று வாங்கிக்கொண்டு போவார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, ஏற்றாமலே சட்டைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவார். அப்படிக் கொண்டுவந்தவை அவர் மேசை டிராயரில் கிடக்கும். பவர்கட் ஆனால்கூட அதை எடுக்க விடமாட்டார்.

வெறும் கல்லறைதான் அவர் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பெயர் வெட்டின ஒரு கல். “எனக்கு மெழுகுவத்தி வைக்க ஒரு இடம் வேணும் ஜெபா” என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். கல் வைத்தால் அவன் இல்லை என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றாள். அவர் அப்புறம் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவருடைய அண்ணன் சுந்தர்சிங் ஊரிலிருந்து வந்தார். பேசியே பழகின மனிதர். “ஏழு வருசத்துக்கு மேல ஆச்சி. இனிமே அவன் இல்லன்னு சட்டமே ஒத்துக்கிடும். கல்லு வெட்டுத ஆள்ட்ட நான் சொல்லிட்டேன். நீங்க ஒரு வார்த்த சரின்னு சொன்னாப் போதும்” என்றார். ஜெபசுதா எழுந்து போய் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். அந்த மரத்துக்கு இனித் தண்ணீரே வேண்டியதில்லை. பக்கெட் பக்கெட்டாக ஊற்றினாள். சுந்தர்சிங் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் தேவபிரசாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனா எப்படி?” என்றேன். எனக்கு அவர்மேல் பல வருஷக் கோபம்.

“அந்த மரம் இருக்குத வரைக்கும் அவ சம்மதிக்க மாட்டா டீச்சர்” என்றார். “அந்தக் காயப் போட்டதே நாந்தான்.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். “அவ வெறுங்கையோட வாரதப் பாக்க முடியல. போன் பேசுத மாதிரி முன்னால போயி, கடல்ல நனச்சுப் பாசிக்குள்ள போட்டேன். ஒரு நா சந்தோசமா இருக்கட்டும்னுதான் செஞ்சேன். மரமா வளந்து இப்படி எம் முன்னாலயே வந்து நிக்கும்னு நான் கண்டேனா?”

“எங்கன எடுத்திய அந்தக் காய?”

“ஒங்க ஸ்கூலு மரத்தடியிலதான். கெடந்ததெல்லாம் ஒரே அழுகல். ஒண்ணே ஒண்ணு நல்லாத் தொடச்சு வச்ச மாதிரி சுத்தமாக் கெடந்துச்சி. கடல்ல வந்ததுன்னா அப்படித்தான இருக்கும்னு அத எடுத்தேன்.”

இத்தனை வருஷம் ஜெபசுதாவோடு குடித்தனம் பண்ணினவர், அவள் வீட்டில் பாடம் பேசினால் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார் போலிருக்கிறது. மரத்தடியில் சுத்தமாகக் கிடக்கும் கொட்டை எது என்று எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தயிர்சாதத்தோடு சேர்த்து எனக்கும் தெரியும். ட்யூப்லைட்டுக்குக் கீழே அவள் அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், கண்ணாடியைத் துடைத்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்திருப்பாளா? பார்த்தும் நட்டாளா? இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த கண்ணுக்கு அதுவும் தெரியாமல் போயிற்றா?

“நான் அவட்ட சொல்லிரட்டா டீச்சர்?” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னேன். அந்த மரத்தையும் இழந்தால் அவளுக்கு என்ன இருக்கிறது என்று பயம்.

அன்று சாயங்காலம் ஜெபசுதாவிடம் நோட்டம் பார்த்தேன். “ஏளா, அந்தக் காயோட ஓடு ஒண்ணு வச்சிருந்தியே, இருக்கா?” என்றேன். “இருக்கு” என்றாள். உடனே, “ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?” என்றாள். என் குழம்பைப் பற்றி அவள் அக்கறைப்பட்டதே கிடையாது.

ஈஸ்டர் அன்று அவர்கள் ஊருக்குப் போகவில்லை. நான் எப்போதும்போல விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்க வந்தேன். எதிர்வீட்டுக் கேட்டுக்குள்ளே ஒரு சுடர் தெரிந்தது. புன்னைமரத்தடியில் தேவபிரசாதம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். டிராயரில் கிடந்த மெழுகுவர்த்திகளில் ஒன்றை மண்ணில் ஊன்றி ஏற்றியிருந்தார். தான் கொண்டுவந்து போட்ட பொய்க்கு முன்னால் அந்த மனிதர் கைகூப்பிக்கொண்டு இருந்தார். வாளியைக் கீழே வைக்கவும் மறந்து நான் நின்றேன்.

கதவைத் திறந்துகொண்டு ஜெபசுதா வந்தாள்.

“என்ன செய்யுதீங்க?”

“ஒண்ணுமில்ல. ஊர்ல இந்நேரம் எல்லாரும் வச்சிருப்பாங்க. எனக்கும் எங்கயாவது வைக்கணும்லா” என்றார். “ஒனக்கு இதுதான் அவன்னா, எனக்கும் இதுவே இருந்துட்டுப் போவுது.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் ஒரு பால்வண்டி போனது.

“அங்கன வைக்காதீங்க. அது அவன் இல்ல” என்றாள். “அது கடல்ல வந்த காயும் இல்ல. ஸ்கூல் மரத்துக் காய். வவ்வால் தின்னுட்டுப் போட்டது. நட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மரத்துக்காவ நான் கல்லு வேண்டாம்னு சொல்லல” என்றாள். “காய் போவும்னு எழுதுனவ நாந்தான? அத வாசிச்சுக் காட்டித்தான அவன் போனான்? திரும்பாதுன்னும் நாந்தான எழுதுனேன்? கல்லுல அவன் பேர வெட்டிட்டா, நான் எழுதுனது சரின்னு ஆயிரும்லா.”

நான் வாளியை வாசலோரம் இறக்கி வைத்தேன். வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். இப்படி ஒரு பாரத்தை அவள் சுமந்துகொண்டு திரிந்தது எனக்குத் தெரியாது. பெவின் வாசிக்காமல் விட்ட அந்தக் கடைசி வார்த்தையை அவளும் அன்றைக்குக் கவனித்திருக்கிறாள்.

தேவபிரசாதம் ஊர்ந்த மாதிரி வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். “நீ எழுதலன்னாலும் அவன் போயிருப்பான் ஜெபா. சின்னதுலேருந்து அவனக் கப்பல் கப்பலாக் கொண்டுபோயிக் காட்டுனது நானு” என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவள்தான் எழுந்து போய் அதை ஊதி அணைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

“ஊர்ல போயி ஏத்துங்க. கல்லு வைக்கச் சொல்லுங்க” என்றாள்.

அடுத்த மாதம் கல் வைத்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெவின் என்ற பெயர், பிறந்த தேதி. அதற்குக் கீழே இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. சுந்தர்சிங் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். குருவானவர் ஜெபம் பண்ணினார். உறவுக்காரப் பெண்கள் அந்தப் பழைய துக்கப்பாட்டைப் பாடினார்கள். ஜெபசுதா இந்தத் தடவை தடுக்கவில்லை. கூடச் சேர்ந்து பாடவும் இல்லை.

கல்லுக்கு முன்னால் மணலில் ஒரு சின்னக் குழி தோண்டியிருந்தார்கள். புதைக்க ஒன்றுமில்லாத கல்லறையில் பிள்ளையின் பொருள் ஏதாவது வைக்கலாம் என்று குருவானவர் சொல்லியிருந்தார். தேவபிரசாதம் பெவினின் பள்ளிக்கூடச் சட்டையை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை வைத்தார். ஜெபசுதா கைப்பையைத் திறந்து அந்த மாத்திரை டப்பாவை எடுத்தாள். பஞ்சை விலக்கி, ஓட்டின் ஒரு பாதியை அவர் கையில் வைத்தாள். வகுப்பில் காட்டுகிற மாதிரியே நகத்தால் தொட்டுக் காட்டினாள்.

“இங்கன பாருங்க. இது மேல்பல்லு. இது கீழ்ப்பல்லு.”

அவர் கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார்.

“நல்லா சுத்தமா இருக்குன்னுல்லா நான் இத எடுத்தேன்” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏம்ளா நட்ட?”

“கடல் எனக்கு ஒண்ணும் தரல. நீங்கதான் கொண்டுவந்து தந்தீங்க. எப்படிக் கீழ போட?” என்றாள்.

“பல்லு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா வேற காய் எடுத்திருப்பேன் ஜெபா.”

“அதையும் நட்டிருப்பேன்” என்றாள்.

குழிக்குள் இருந்த சட்டையின் மேல் அவர் அந்த ஓட்டை வைத்து, கையாலேயே மணலைத் தள்ளி மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து, மரத்தடியில் பாதி எரிந்த அந்த மெழுகுவர்த்தியை எடுத்துக் கல்லின் முன்னால் ஊன்றினார். செம்மணல் தேரிக்காட்டுக் காற்று அணைத்து அணைத்துப் போட்டது. ஜெபசுதா குனிந்து இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொண்டாள். நானும் என் முந்தானையை விரித்துப் பிடித்தேன். ஒருவழியாகப் பற்றியது. தீருகிற வரை அங்கேயே நின்றோம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தேவபிரசாதம் பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.